புது போனில் ஜிமிக்கி ஏன் மங்குகிறது?

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகைப் பட்டறை வைத்திருக்கிறோம். பரதநாட்டிய செட்டுக்கான ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பழைய போனில் எடுத்த படங்கள் சுமாராகவாவது தெளிவாக இருந்தன. இப்போது அதைப்போல மூன்று மடங்கு விலையில் 50 மெகாபிக்ஸல் போன் வாங்கினோம். கிட்டே கொண்டுபோனாலே ஜிமிக்கி மங்கிவிடுகிறது. கெம்புக் கல் வரிசை ஒரே சிவப்புக் குழம்பாகத் தெரிகிறது. போனில் குறையா, எடுக்கும் கையில் குறையா? கிளிப் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: போனிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. பழைய போனில் பழகிய தூரத்திலேயே புது போனையும் பிடிக்கிறீர்கள், அதுதான் சிக்கல். நல்ல கேமரா உள்ள போன்தான் கிட்டத்தில் மங்கும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் காரணம் எளிது.

விலை கூடக்கூட போனின் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) பெரிதாகிறது. சென்சார் பெரிதானால் அதற்கேற்ப லென்ஸின் குவியத்தூரமும் (தொலைவிலுள்ள பொருளின் படம் லென்ஸுக்குப் பின்னால் குவியும் தூரம்) கூட வேண்டும். பழைய போன்களில் அது 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. இப்போதைய பெரிய சென்சார் போன்களில் 7 மில்லிமீட்டர் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகிறது. 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்க, 4 மி.மீ. லென்ஸ் தன் இடத்திலிருந்து 0.17 மி.மீ. முன்னே நகர்ந்தால் போதும். 7 மி.மீ. லென்ஸ் அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். தகடு போன்ற போனுக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆகவே ‘இதைவிடக் கிட்டே வராதே’ என்று ஒரு எல்லை விழுந்துவிடுகிறது. ஐபோன் ப்ரோ வரிசையையே பாருங்கள்: முதன்மை கேமராவின் எல்லை 13 ப்ரோவில் 15 செ.மீ., 14 ப்ரோவில் 20, 15 ப்ரோவில் 24. புது மாடல் வர வர எல்லையும் தள்ளிப்போயிருக்கிறது.

உங்கள் போனின் எல்லையை நீங்களே அளந்துவிடலாம். செய்தித்தாளை மேசையில் விரித்து, 30 செ.மீ. ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மேக்ரோவை (மிகக் கிட்டே எடுக்க உதவும் வசதி; அணைக்கும் வழி கீழே இருக்கிறது) அணைத்துவிட்டு, போனைப் பொடி எழுத்துக்கு நேராக மெல்ல இறக்குங்கள். எழுத்து கலங்கும் இடத்திலிருந்து, மறுபடி தெளியும்வரை மேலே ஏற்றுங்கள். அந்த உயரத்தோடு 2 செ.மீ. கூட்டிக்கொண்டால் அதுதான் இனி உங்கள் தூரம். பேனாவால் போன் கவரின் உட்பக்கம் குறித்து வைத்தாலும் சரி.

‘அவ்வளவு தள்ளி நின்றால் ஜிமிக்கி கடுகு போலத்தானே தெரியும்?’ என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. தூரத்தில் 2 மடங்கு ஜூம் வைத்தால் படத்தின் நீளப்பக்கத்தில் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம் அடங்கும். படம் 4000 பிக்ஸல் நீளம் என்றால், 5 செ.மீ. ஜிமிக்கிக்கு 1400 பிக்ஸல் கிடைக்கும். பெரும்பாலான போன் திரைகளின் அகலமே 1080 பிக்ஸல்தான். வெட்டியெடுத்து அனுப்பினாலும் திரை நிறைய நிற்கும். 48, 50 மெகாபிக்ஸல் சென்சார்களில் இந்த 2 மடங்கு ஜூம் பெரும்பாலும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வாசித்து வருவது. படத்தை இழுத்துப் பெரிதாக்குவதல்ல. அதனால் தைரியமாக வைக்கலாம். 5 மடங்கு, 10 மடங்கு என்று போகாதீர்கள். தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருக்கும் போன்களிலும் பலவற்றுக்குக் கிட்டத்து எல்லை அரை மீட்டர் அளவில் இருக்கும். அதைவிடக் கிட்டே போனால் போன் உங்களிடம் சொல்லாமலே முதன்மை கேமராவுக்கு மாறி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

தள்ளி நிற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கிட்டே போகப்போக, முன்னும் பின்னும் தெளிவாக விழும் பட்டை மெலிந்துகொண்டே போகும். தூரம் பாதியானால் அந்தப் பட்டை நாலில் ஒன்றாகும். 20 செ.மீ.-இல் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் தெளிவாக வந்தால், 10 செ.மீ.-இல் 4 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஜிமிக்கியின் குடை தெளிவாகத் தெரியும்போது தொங்கும் முத்து மங்கிப்போவது இதனால்தான். பெரிய கேமராவில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி இதைச் சரிக்கட்டுவார்கள். போனில் துவாரம் அநேகமாக நிலையானது, சுருக்க வழியில்லை. தூரத்தைக் கூட்டலாம், இல்லையென்றால் நகையின் பரப்பும் போனும் இணையாக இருக்கும்படி பிடிக்கலாம். ஒட்டியாணத்தையும் மாங்காய் மாலையையும் படுக்க வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். கழுத்துப் பொம்மையில் மாட்டினால் பதக்கம் ஒரு தூரத்திலும் கண்ணி வேறொரு தூரத்திலும் போய்விடும். பொம்மைப் படம் செட்டின் மொத்த அழகைக் காட்ட ஒன்று போதும்.

இனி மேக்ரோ. கிட்டே போகும்போது திரையில் படம் ஒரு கணம் குதிக்கிறதா? அப்போது போன் அகலக்கோண கேமராவுக்குத் தாவிவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் பின்பக்க லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மறையுங்கள். எதை மறைத்தால் திரை இருள்கிறதோ அதுதான் இயங்கும் கேமரா. 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோ இந்த வழியில் 2 செ.மீ. வரை கிட்டே போனது; இப்போது பல போன்களில் இது இருக்கிறது. பூச்சிக்கும் பூவின் மகரந்தத்துக்கும் அருமையான வசதி. நகைக்கு எனக்கு இது ஒத்துவராது. 2 செ.மீ.-இல் போனே நிழல் போட்டுவிடும், தங்கப் பரப்பில் கேமராவின் கறுப்பு வட்டம் பிரதிபலிக்கும், ஜிமிக்கியின் முன்பக்கம் பானை போல ஊதித் தெரியும். திரையோரத்தில் வரும் சின்னப் பூ அடையாளத்தைத் தட்டினால் பெரும்பாலான போன்களில் இது அணையும். மலிவு போன்களில் ‘மேக்ரோ’ என்று தனியாக இருக்கும் 2 மெகாபிக்ஸல் கேமராவை மறந்துவிடுங்கள். அது எண்ணிக்கைக்காக வைத்தது. அநேகமாக 4 செ.மீ. தூரத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும்.

தூரம் சரியான பிறகும் ஃபோகஸ் அலைபாய்ந்தால், அது நகையின் பளபளப்பால். கேமரா தேடுவது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடுகளை. மழமழப்பான தங்க ரேக்கில் (மெல்லிய தகட்டில்) கோடே இல்லை. கெம்புக் கல்லின் நடுவே தட்டினால், அதற்குள் தெரியும் ஜன்னலின் பிம்பத்தை அது பிடித்துக்கொள்ளும். கல்லைச் சுற்றியிருக்கும் கட்டின் விளிம்பில் தட்டுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால், அச்செழுத்துள்ள ஒரு துண்டுக் காகிதத்தை நகையின் முன்பரப்பு உயரத்துக்குப் பிடித்து, எழுத்தின்மேல் விரலை அழுத்தி வைத்திருங்கள். பூட்டு அடையாளமோ ‘ஏஇ ஏஎஃப்’ (வெளிச்ச அளவும் ஃபோகஸும்) பூட்டியதாக எழுத்தோ வரும். காகிதத்தை எடுத்துவிட்டுப் படமெடுங்கள். போனை மேலே கீழே நகர்த்தினால் மட்டும் மறுபடி பூட்ட வேண்டும்.

கேமராவில் எல்லாவற்றையும் கையால் மாற்றவிடும் ப்ரோ மோடு இருந்தால் இதைவிடச் சுலபம். ஃபோகஸைக் கையால் நகர்த்தும் பட்டையில் ஒரு முனையில் பூவும் மறுமுனையில் மலையும் இருக்கும். பூ முனைக்குத் தள்ளி அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு பட்டையைத் தொடாமல் நகையை உயர்த்தித் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். அடியில் ஒவ்வொரு அட்டையாகச் செருகினால் மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றலாம். தெளிவான விளிம்புகளில் பச்சைக் கோடு காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகையை ஏற்றி இறக்க வேண்டுமானால் போன் அசையக்கூடாது. டிரைபாட் இல்லாவிட்டாலும் நடுவில் ஓட்டை உள்ள வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று போதும். போனை ஸ்டூல்மேல் குப்புறாமல் படுக்க வைத்து, லென்ஸ் ஓட்டைக்கு நேராக வரும்படி நகர்த்துங்கள். கீழே புத்தகங்களை அடுக்கி நகையை நீங்கள் அளந்த தூரத்துக்கு உயர்த்துங்கள். ஸ்டூலின் கால்களைச் சுற்றி ஒற்றை மடிப்பாகப் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினால், நாலு பக்கமும் மெத்தென்ற வெளிச்சம் இறங்கும் கூடாரம் தயார். ஸ்டூல் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு, நீல ஸ்டூலின் நிறம் தங்கத்தில் ஏறிவிடும். வேறு வழியில்லையென்றால் உட்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். பொத்தானைத் தொட்டால் போன் ஆடும். 2 விநாடி டைமர் வையுங்கள்.

வேட்டிக்கு வெளியே வெளிச்சம் ஜன்னலிலிருந்து வரட்டும். வெயில் நேராக விழாத ஜன்னல். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் இருப்பதால் மேகமூட்டத்துக்குப் பஞ்சமில்லை. அந்த நாட்களின் காலை 10 மணி வெளிச்சம் கடையில் வாங்கும் எந்த விளக்கையும் மிஞ்சும். நாலு பக்கமும் வெள்ளையாகவே இருந்தால் தங்கம் தட்டையாக, மஞ்சள் பெயின்ட் அடித்ததுபோல வரும். ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்தில் கறுப்புச் சார்ட் துண்டை வேட்டியின் உள்ளே நிறுத்துங்கள். அதன் பிரதிபலிப்பு விளிம்பில் கருங்கோடாக விழுந்ததும் செதுக்கு வேலை எழுந்து நிற்கும். ரிங் லைட் வேண்டவே வேண்டாம்: ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளை வளையம் விழும். ஃபிளாஷ் அதைவிட மோசம்.

இரவில் எல்இடி வெளிச்சத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், படத்தில் குறுக்கே கருநிழல் வரிகள் ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவு விளக்குகள் விநாடிக்கு 100 முறை சிமிட்டும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் வரி மறையும். டியூப் லைட்டையும் மஞ்சள் பல்பையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் கலந்தால் தங்கம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஆரஞ்சு. எந்த செட்டிங்காலும் திருத்த முடியாது.

சிவப்புக் குழம்பு விஷயம் ஃபோகஸ் அல்ல, வெளிச்ச அளவு. சிவப்புக் கல் கூட்டமாக இருக்கும்போது சென்சாரின் சிவப்பு மட்டும் உச்சியைத் தொட்டு நிரம்பிவிடுகிறது. பச்சையும் நீலமும் காலியாகக் கிடக்கின்றன. நிரம்பிய இடத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் இராது. ஃபோகஸ் பூட்டியதும் பக்கத்தில் வரும் சூரிய அடையாளத்தைக் கீழே இழுங்கள். எண் காட்டும் போனில் மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை. திரையில் நகை கொஞ்சம் இருண்டு தெரியும், பயப்படாதீர்கள். இருட்டைப் பிறகு தூக்கலாம், நிரம்பிப் போனதை மீட்க முடியாது. ‘விவிட்’ போன்ற நிறம் கூட்டும் வசதிகளை அணைத்துவிடுங்கள். தோவாளையில் பூவால் கட்டும் மாணிக்க மாலையை எடுப்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான். அரளிச் சிவப்பும் இப்படித்தான் குழம்பும். ஆனால் மாலை தட்டையாக இருப்பதால் ஃபோகஸ் தொல்லை அவர்களுக்குப் பாதிதான்.

போர்ட்ரெய்ட் மோடில் நகை எடுக்காதீர்கள். பின்னணியைப் போன் தானே வெட்டி மங்கலாக்கும்போது மாட்டலின் சங்கிலியையும் முத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் பனிமூட்டமாக வந்தால் லென்ஸைப் பாருங்கள். பட்டறையில் பாலிஷ் பொடி, கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உப்புப் பிசுபிசுப்பு. முதலில் ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். பொடியோடு தேய்த்தால் கீறும். லென்ஸ்மேல் ஒட்டிய கூடுதல் கண்ணாடி இருந்தால் பிய்த்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும். காந்தம் வைத்த கவர், ஹோல்டர்களும் லென்ஸை நகர்த்தும் பாகத்தைத் தடுமாற வைக்கலாம். போனை பைக் ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க: என்ஜின் அதிர்வு ஐபோனின் ஃபோகஸ், அசைவு தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. எந்தத் தூரத்திலும் தெளியவில்லை, கேமரா திறந்ததும் படம் நடுங்குகிறது என்றால் மட்டும் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கிளிப் லென்ஸ்: முழு நகைக்குத் தேவையில்லை. ஒற்றைக் கல்லின் கட்டு வேலையையோ, ரேக்கின் ஓரத்தையோ காட்டத்தான் அது. வாங்கினால் ‘15 எக்ஸ், 20 எக்ஸ்’ என்ற எண்ணைப் பார்க்காமல், எவ்வளவு தூரத்தில் வேலை செய்யும் என்று கேளுங்கள். 10 டயாப்டர் (லென்ஸின் சக்தியைச் சொல்லும் அளவு) லென்ஸ் 10 செ.மீ. வரை தூரம் தரும். 40 டயாப்டர் என்றால் இரண்டரை செ.மீ.தான், வெளிச்சம் உள்ளே புக இடமிருக்காது. முதன்மை கேமராவின்மேல் நடு மையமாகப் பொருத்தி, மேக்ரோ தாவலை அணைத்துவிட்டு எடுங்கள். கவரைக் கழற்றிவிட்டால்தான் நேராக உட்காரும்.

கடைசியாக, அனுப்பும் முறை. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். இத்தனை பாடும் வீண். ‘எச்டி’ தேர்ந்து அனுப்புங்கள், அல்லது டாக்குமென்டாக. டாக்குமென்டாகப் போகும் படத்தோடு எடுத்த இடத்தின் விவரமும் போய்ச்சேரும். வீட்டிலேயே நகை வைத்து வேலை செய்கிறவர்கள் கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிட்டே படமெடுங்கள்.