மென்பொருள் பயன்படுத்துவோருக்குப் புரியும்படி வழிகாட்டி எழுதுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

பயனர் கையேடு எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், எவ்வளவு எளிமையாக எழுதினாலும் "புரியவில்லை" என்றே போன் வருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்ப்பதும் இதே வேலைதான். என் ஊர், ராமேஸ்வரம் தீவுக்கு எதிரே இருக்கும் மண்டபம். மீன்பிடிப் படகுகளுக்கான ஒரு கைபேசிச் செயலிக்குத் தமிழில் வழிகாட்டி எழுதுகிறேன். என் அனுபவத்தில் மொழியை எளிமையாக்குவது பெரிய சிரமமில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் படிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறோமே, அதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வலை போடும் இடத்தைச் சேமிப்பது எப்படி என்று முதல் பதிப்பில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: "அட்சரேகை, தீர்க்கரேகையை உள்ளிட்டுச் சேமிக்கவும்." சரியான தமிழ், பிழையும் இல்லை. விசைப்படகு ஓட்டும் என் தாய்மாமாவிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். அவரிடம் பழைய நோட்டு ஒன்று உண்டு. கல் கிடக்கிற இடம், வலை கிழிந்த இடம், மீன் பட்ட இடம் எல்லாம் அதில் எண்களாக இருக்கும். அதிலிருந்து "9 26 400" என்பதைப் பார்த்து 9.26400 என்று அடித்தார். செயலி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் அந்த எண்ணுக்கு 9 பாகை (டிகிரி), 26.400 கலை (மினிட்) என்று பொருள். 60 கலை சேர்ந்தால் ஒரு பாகை. செயலி கேட்பதோ பாகையைத் தசமத்தில். அப்படியானால் 26.400-ஐ 60-ஆல் வகுத்து 9.44 என்று அடித்திருக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். கணக்குப் போட்டால் வித்தியாசம் பத்தரை கடல் மைலுக்கு மேல், சுமார் 19.5 கிலோமீட்டர்! வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் இருக்க வேண்டிய புள்ளி, தீவைத் தாண்டித் தெற்கே போய்விட்டது.

மாமா கரையிலேயே கவனித்துவிட்டார். "மருமகனே, வலை கிடக்குறது வடக்க. உன் போன் தென்கடலுக்குப் போகச் சொல்லுதே" என்றார். அவருக்குக் கடல் தெரியும், அதனால் தப்பித்தோம். புதிதாகப் படகு ஓட்டும் பையனாக இருந்தால்? பாக் விரிகுடாவில் 1974 ஒப்பந்தப்படி போட்ட இந்திய-இலங்கை எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே போகிறது. அந்தப் பக்கம் இடம் மாறினால் நஷ்டம் டீசலோடு நிற்காது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் அந்த வரிக்குக் கீழே பாகை, கலை விளக்கம் ஒரு பத்தி எழுதினேன். யாரும் படிக்கவில்லை. படகு கிளம்பும் நேரத்தில் யார் பத்தி படிப்பார்கள்? அப்புறம் புரோகிராம் எழுதுபவர்களிடம் போய் உட்கார்ந்து, பாகைக்கு ஒரு பெட்டி, கலைக்கு ஒரு பெட்டி என்று பிரிக்கச் சொன்னேன். ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது. பிரித்த பிறகு வழிகாட்டியில் இரண்டே வரி போதுமாக இருந்தது: "உங்கள் ஜிபிஎஸ்ஸில் தெரியும் எண்ணை அப்படியே அடியுங்கள். 9 முதல் பெட்டியில், 26.400 இரண்டாவதில்." ஒரு பெட்டியை விளக்க ஒரு பத்தி தேவைப்பட்டால், பெட்டியை மாற்றச் சொல்லிப் போராடுங்கள். அதுவும் நம் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொல் விஷயத்தில் என் கட்சி இதுதான்: திரையில் என்ன இருக்கிறதோ அதையே எழுத வேண்டும். பொத்தானில் "சேவ்" என்று இருக்கும்போது வழிகாட்டியில் "சேமிக்கவும்" என்று எழுதினால், அந்தச் சொல்லைத் திரை முழுக்கத் தேடுவார்கள். அளவும் அப்படித்தான். ஆழத்தை இங்கே பாகத்தில்தான் சொல்வார்கள். ஒரு பாகம் ஆறடி. "9 மீட்டர்" என்று மட்டும் எழுதாமல் "5 பாகம், சுமார் 9 மீட்டர்" என்று எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றிப் போனே வருவதில்லை.

படிக்கும் இடத்தையும் யோசியுங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் கிடைக்காது. அங்கே "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்ற வரியால் யாருக்கு என்ன பயன்? கை ஈரம், விரலில் செதில், திரை தொட்டால் கேட்காது. அதனால் முக்கியமான நான்கு வேலைகளை மட்டும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, சுக்கான் பக்கம் தொங்கவிடக் கொடுத்தோம். எச்சரிக்கையை எப்போதும் படிக்கு முன்னால் போடுங்கள். "அழி" பொத்தானை அழுத்திய பிறகு "திரும்பக் கிடைக்காது" என்று படித்து என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அப்போதுதான் ஆட்கள் பேசக் கிடைப்பார்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். விரல் எங்கே தயங்குகிறதோ அந்த வரியைக் குறித்துக்கொள்வேன். வாய்விட்டு உதவக் கூடாது. சொந்தக்காரர்களிடம் அது ரொம்பக் கஷ்டம்.

போன தடைக்காலத்தில் மாமா ஒன்று கேட்டார்: "போன் தண்ணிக்குள்ள விழுந்துட்டா, அதுல போட்ட புள்ளியெல்லாம் என்னாகும்?" வழிகாட்டியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.