சிவப்புத் தொலைபேசி – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ மாணவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். பனிப்போர் பற்றிப் பள்ளியில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். 1962இல் சோவியத் ஏவுகணைகளால் வந்த கியூபா நெருக்கடியில் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் சிவப்புத் தொலைபேசியில் பேசிப் போரைத் தவிர்த்தார்கள். வல்லரசுகளே பேசித் தீர்த்துக்கொண்டன என்றால், நேருவின் அணிசேராமையால் என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாடப்புத்தகத்தைத் தாண்டி மாணவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவிக்கிறீர்கள். அந்தத் தவிப்பை மதிக்கிறேன். அதனால்தான் கோபமும் வருகிறது. சிவப்புத் தொலைபேசி என்று ஒன்று இருந்ததே இல்லை. சினிமாவில் பார்த்ததை வகுப்பில் வரலாறாகச் சொல்லாதீர்கள்.

1962இல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, கடிதம் எழுதிக்கொண்டார்கள். அக்டோபர் 26 அன்று குருஷேவ் அனுப்பிய நீண்ட கடிதம் வாஷிங்டன் போய்ச் சேர்ந்து மொழிபெயர்க்கப்பட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள், துருக்கியிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளை எடுக்கச் சொல்லும் கடுமையான இரண்டாவது கடிதம் மாஸ்கோ வானொலியில் வந்துவிட்டது. வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் தோப்ரினின் தன் தந்தியை வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்தி நிறுவனத்துப் பையனிடம் கொடுத்தனுப்பினார். அவன் சைக்கிளில் வருவான். வழியில் எங்கும் நிற்காமல் நேரே ஆபீசுக்குப் போ என்று சொல்லத்தான் முடிந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடி இணைப்பு வைக்க 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம். ஆகஸ்ட் 30 முதல் இணைப்பு வேலை செய்தது. வைத்தது டெலிபிரிண்டர், அதாவது இங்கே தட்டச்சு செய்வதை அங்கே தாளில் அச்சிடும் கருவி. குரல் வேண்டாம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. போனில் ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவரும் உயர்த்துவார். மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. எழுத்தென்றால் அனுப்புவதற்கு முன் ஆலோசகர்களோடு உட்கார்ந்து படிக்கலாம், ஒரு வரியை நீக்கிவிடலாம். அவரவர் தம் மொழியிலேயே அனுப்புவார்கள், மொழிபெயர்ப்பு பெறுபவர் பொறுப்பு. 1967 ஜூன் 8 அன்று மத்தியதரைக் கடலில் லிபர்ட்டி என்ற அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டது. தங்கள் விமானங்கள் கிளம்புவது அதை விசாரிக்கத்தான், போருக்கு அல்ல என்று அமெரிக்க அதிபர் ஜான்சன் சோவியத் பிரதமர் கோசிகினுக்கு இதன் வழியாகத்தான் சொன்னார். அப்படியொரு செய்தி தாளில் இருக்க வேண்டும், காதில் அல்ல.

கேபிள் வாஷிங்டனிலிருந்து லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி வழியாக மாஸ்கோ போனது. வேகம் நிமிடத்துக்கு 66 சொல்தான். டென்மார்க்கில் ஒரு புல்டோசர் அதை அறுத்தது, பின்லாந்தில் ஓர் உழவர் கலப்பையால் அறுத்தார். மாற்றுவழியாக மொராக்கோவின் டான்ஜியர் நகர் ஊடாக ரேடியோ இருந்தது.

எனக்குப் பிடித்த இடம் சங்கேத நாடா, செய்தியை மறைக்கப் பயன்பட்ட துளையிட்ட காகித நாடா. நாடாவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து இடம். துளை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆங்கில ஏ என்பது 11000. இரு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருக்கும், ஒழுங்கில்லாத துளைகள் கொண்ட இன்னொரு நாடாதான் சாவி நாடா; அதில் அந்த இடத்தில் 01101 இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1 என்று கூட்டினால் 10101, அதாவது ஒய். கம்பியில் போவது அந்த ஒய்தான். மாஸ்கோவில் அதே சாவியை மறுபடி கூட்டினால் 11000, ஏ திரும்பி வந்துவிடும். அமெரிக்கா தன் சாவி நாடாவைத் தன் மாஸ்கோ தூதரகம் வழியாகக் கொடுக்கும், சோவியத் தன் வாஷிங்டன் தூதரகம் வழியாக. கூட்டும் கருவி நார்வேயில் செய்து கடையில் விற்ற சரக்கு. ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத இருவர், தங்கள் ரகசிய முறை எதையும் காட்டிக்கொடுக்காமல் ரகசியம் பேச இதுவே வழி.

நாடா ஓர் எழுத்து தள்ளி ஓடினால் அதற்குப் பின் வருவதெல்லாம் குப்பை. ஒரே நாடாவை இருமுறை ஓட்டினால் அதைவிட மோசம்: ஒட்டுக்கேட்பவன் இரண்டு சங்கேதச் செய்திகளையும் கூட்டுவான், சாவி கழிந்துபோகும், மிஞ்சுவது இரண்டு செய்திகளின் கலவை. அதைப் பிரித்தெடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது சாவித் தாள்களை இருமுறை அச்சிட்டு சோவியத் உளவுத்துறை இப்படித்தான் மாட்டிக்கொண்டது. ஓடிய நாடாவை உடனே அழித்துவிட வேண்டும்.

நேரு கேள்வியை இரண்டு வரியில் முடிக்க மாட்டேன். கியூபா நெருக்கடி நடந்த அதே வாரத்தில், அக்டோபர் 20 அன்று, சீனப் படை நம் எல்லையைத் தாக்கியது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், தனியாக எழுதுகிறேன். உங்கள் உரையில் அந்தத் தொலைபேசி வரியை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் கரும்பலகையில் ஐந்து கட்டம் போட்டு, பிள்ளைகளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.