நெட் பெட்டி எரிகிறதா? ஃபைபரை விடுங்கள், நியூட்ரலைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மூன்று மாடிக் கட்டடத்தில் பி.ஜி. விடுதி நடத்துகிறேன். ஆறு மாதத்தில் மூன்று முறை நெட் பெட்டி எரிந்துவிட்டது. சாயங்காலம் இரண்டாம் மாடியில் விளக்கு மங்குகிறது, அதே நேரம் தரைத்தளத்தில் பளீரென்று எரிகிறது. வயரிங், நெட் வேலை இரண்டையும் சேர்த்து எடுத்துச் செய்பவர், "ஃபைபர் வழியாகக் கரன்ட் வருகிறது. இரும்புக் கவசம் போட்ட கேபிளாக மாற்றி, மாடிக்கு ஒரு ஸ்டெபிலைசரும் வைத்துவிடலாம்" என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு மாடியில் மங்கல், அதே நேரத்தில் இன்னொரு மாடியில் பளீர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலைத்தான், அதாவது கரன்ட் திரும்பிப்போகும் பொதுக் கம்பியை. இதை இன்றைக்கே ஆள் வைத்துப் பாருங்கள். இது நெட் பெட்டியோடு நிற்காது. ஃபிரிட்ஜ் போகும், லூஸான இடம் சூடேறித் தீப்பிடிக்கும். பிள்ளைகள் தூங்குகிற கட்டடம் அது.

உங்களுக்கு மூன்று ஃபேஸ் (கரன்ட் வரும் கம்பி) உள்ள இணைப்பு இருக்கும், மாடிக்கு ஒரு ஃபேஸாகப் பிரித்திருப்பார்கள். மூன்றுக்கும் நியூட்ரல் ஒன்றுதான். அது இறுக்கமாக இருக்கும்வரை எல்லா மாடிக்கும் 230 வோல்ட் சுமாராகக் கிடைக்கும். அது விட்டுப்போனால், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையில் உள்ள 400 வோல்ட்டை மாடிகள் தங்கள் லோடுக்குத் தகுந்தபடி பங்கு போட்டுக்கொள்ளும். கீசரும் இண்டக்‌ஷனும் ஓடும் மாடிக்குக் குறைவாக வரும். இரண்டு விளக்கும் ஒரு நெட் பெட்டியும் மட்டும் ஓடும் மாடிக்கு 300-ஐத் தாண்டியும் போகும். பெட்டியோடு வரும் அடாப்டரில் பாருங்கள், 240 வோல்ட் வரை என்றுதான் அச்சடித்திருக்கும்.

ஸ்டெபிலைசர் இதற்கு மருந்தல்ல. கரன்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இதைச் சரிசெய்யாது. ஆனால் ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது அதுதான், ஆகவே இல்லையென்றால் கட்டாயம் போடுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எல்லா லோடும் ஓடும் மாலை நேரத்தில் மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று 250-க்கு மேலும் இன்னொன்று 200-க்குக் கீழும் காட்டினால் சந்தேகமே வேண்டாம். பிறகு மெயினை அணைத்துவிட்டு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: மீட்டர் போர்டின் நியூட்ரல் லிங்க், கரன்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியில் நியூட்ரல் பாரின் திருகுகள், ஜெனரேட்டர் இருந்தால் அதன் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். கறுத்தோ உருகியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியக் கேபிளைச் செம்புமுனையில் நேராகத் திருகியிருந்தால், இரண்டுக்கும் பொருந்தும் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு மாற்ற வேண்டும். நியூட்ரலில் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு நேராக லிங்க் போடுங்கள்.

பழுது மீட்டருக்கு முன்னால், தெருப்பக்கம் என்றால், பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் வாரியம் என்று எல்லா ஊரிலும் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பழுதோ பல சமயம் அந்தக் கோட்டின் மேலேயே, மீட்டர் போர்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டும், நடுவில் எரிவது குடியிருப்பவரின் பொருள்.

இப்போது ஃபைபர். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, அதில் போவது வெளிச்சம், கரன்ட் போகாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் அந்த ஆள் தலைகீழாகச் சொல்கிறார். தெருவிலிருந்து வரும் டிராப் கேபிளின் ஓரத்தில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி ஓடும். பெங்களூரில் பல இடங்களில் அந்தக் கேபிளை மின்கம்பத்திலும் மரத்திலும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மேலே மின்கம்பி உரசினாலோ பக்கத்தில் இடி விழுந்தாலோ அந்த இரும்பின் வழியாக வீட்டுக்குள் வரலாம். எனவே அந்தக் கம்பியைச் சுவரின் வெளிக்கொக்கியோடு வெட்டி நிறுத்த வேண்டும். உள்ளே வரும் கேபிளில் உலோகமே இருக்கக்கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய வலுக்கம்பிகளும் இரும்பாக இல்லாமல் இழை கலந்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கவசக் கேபிள் என்றால் முழு நீளத்துக்கும் இரும்பு. இருக்கிற ஆபத்தைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார் அவர்.

நெட் போனால் முதலில் பெட்டியைப் பாருங்கள். ஒரு விளக்குமே எரியவில்லை என்றால் கரன்ட் பிரச்சினை. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் ஃபைபர். அப்போது வருகிறவரிடம், ஃபைபரில் வரும் ஒளியின் அளவை டி.பி.எம். கணக்கில் காட்டும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள்: மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-க்குக் கீழே போனால் லைனில் கோளாறு. பல சமயம் முனையைத் துடைத்தாலே சரியாகிவிடும். பச்சை கனெக்டரை நீலத்தில் செருகியிருந்தாலும் சிக்னல் விழும். கேபிளை இறுக்கி மடக்காதீர்கள். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

மொத்தமாக எடுத்துச் செய்பவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இதுதான்: அளக்காமலே பொருள் விற்கிறார்கள். மீட்டரில் எண்ணைக் காட்டாத ஆளுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம். பொருளை நீங்களே பி.வி.கே. அய்யங்கார் ரோட்டில் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள், எம்.சி.பி.யிலும் (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) வயரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று தள்ளிவிடும் நெட் கேபிளும் சந்தையில் உண்டு. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

வேலை முடிந்த மறுநாள் மாலை, எல்லாக் கீசரும் ஓடும்போது மூன்று ஃபேஸையும் மறுபடி அளக்கச் சொல்லி, எண்களை பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, புது நெட் பெட்டியை மாட்டுங்கள்.