வாடகைக்குக் கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சும்? லண்டன் தமிழரின் பெனிபிட் கேள்விகளுக்குப் பதில்கள்

வணக்கம். கிழக்கு லண்டனில் ஒரு இலவச ஆலோசனை மேசையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். 2026 ஏப்ரல் மாற்றங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி கடைசியில் வாடகையில்தான் போய் நிற்கிறது. அதனால் வாசிக்கும்போது உங்கள் யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் காசு) ஸ்டேட்மென்டைத் திறந்து வைத்திருங்கள். மொத்தத் தொகையை விடுங்கள். வீட்டுச் செலவுக்கு என்ன தந்திருக்கிறார்கள், அதற்குக் கீழே என்ன வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கீழே உள்ள தொகைகள் 2025-26க்கானவை.

ஈஸ்ட்ஹாமில் இருந்து மூன்று பிள்ளைகளின் தாய்: அக்கா, இரண்டு பிள்ளைக் கட்டுப்பாடு ஏப்ரலோடு போகுதாம். என் பிள்ளைகளுக்கு 8, 6, 3 வயது. வாடகை 1,500 பவுண்ட். அவருக்கு ரெஸ்டோரன்டில் மணித்தியாலத்தைக் குறைத்து இப்போது கைக்கு 700 தான் வருகிறது. 'பெனிபிட் கேப்' என்று ஒரு பெரிய தொகையை வேறு வெட்டுகிறார்கள். மூன்றாவது பிள்ளைக்கு எவ்வளவு கூடும்?

தங்கச்சி, இந்த நிலைமையிலேயே இருந்தால் ஒரு பென்னியும் கூடாது. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் காசை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் காசு என்று 2017 ஏப்ரலில் வந்த இரண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டை நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல விஷயம், எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர் வரும். ஆனால் பெனிபிட் கேப்பை, அதாவது ஒரு வீட்டுக்கு வரும் மொத்த பெனிபிட்டுக்குப் போட்ட எல்லையை, தொடவில்லை. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,110.25 பவுண்ட் என்ற அந்த எல்லை 2023 ஏப்ரலுக்குப் பிறகு அசையவில்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தம்பதிக்கு 628.10, இரண்டு பிள்ளைகளுக்கு 585.62, வாடகைக்கு 1,500. கூட்டினால் 2,713.72. அவருடைய சம்பளத்தில் முதல் 411ஐ விட்டுவிட்டு, மிச்சத்தில் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள். அது 158.95. இதோடு மூன்று பிள்ளைகளின் சைல்ட் பெனிபிட் மாதம் ஏறத்தாழ 262. எல்லாம் சேர்ந்து 2,817 வரும். எல்லைக்கு மேலே போன 707 பவுண்டைத்தான் வெட்டுகிறார்கள். மூன்றாவது பிள்ளைக்கு 292.81 சேர்ந்தால் வெட்டும் அதே அளவு பெருக்கும். ஒரு கையால் தந்ததை மறு கை எடுத்துவிடும்.

இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. உங்கள் இருவருடைய சம்பளமும் சேர்ந்து கைக்கு மாதம் 846 வந்தால் கேப்பே கிடையாது. வாரம் 16 மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளம் என்பதுதான் அந்தக் கணக்கு. 2026 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 12.71 ஆகும்போது இந்த எல்லையும் ஏறும். 2025-26 கணக்கில் உங்களுக்குக் குறைவது 146 பவுண்ட். அதை அவரோ நீங்களோ உழைத்தால், வெட்டு நின்று, சம்பளத்தோடு சேர்த்து வீட்டுக்கு மாதம் 770 பவுண்ட் கூட வரும். மூன்றாவது பிள்ளையின் காசும் அப்போதுதான் கைக்கு வரும். வாரத்தில் ஒரு நாள் ஸ்கூல் டின்னர் வேலை கிடைத்தாலே இந்தத் தூரத்தைத் தாண்டலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். மணித்தியாலம் குறைவதற்கு முந்திய பன்னிரண்டு மாதமும் அந்த எல்லைக்கு மேல் உழைத்திருந்தால், ஒன்பது மாதத்துக்குக் கேப் போடக்கூடாது. உங்கள் ஆன்லைன் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உள்ள ஜேர்னலில் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். மறுபரிசீலனை வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

ஹரோவில் தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர்: வீட்டுக்காரர் வாடகையை 150 ஏற்றிவிட்டார். ஜேர்னலில் புது வாடகையைப் போட்டேன், ஆனால் வீட்டுக் காசு அப்படியே இருக்கிறது. பிழை விட்டேனா?

நீங்கள் பிழை விடவில்லை. பிரைவேட் வாடகைக்குத் தரும் காசு எல்.எச்.ஏ என்ற உள்ளூர் அளவைத் தாண்டாது. 2008இல் அது தொடங்கியபோது உங்கள் பகுதி வாடகைகளின் நடு அளவு வரை தந்தார்கள். 2011இல் அதை வெட்டி, நூறு வீட்டில் வாடகை குறைந்த முப்பது வீட்டுக்கு மட்டும் போதுமான அளவாக்கினார்கள். பிறகு 2016இலிருந்து நான்கு வருடம் உறைநிலை. 2020இல் ஒருமுறை ஏற்றிவிட்டு மறுபடி உறைநிலை. 2024 ஏப்ரலில் திரும்ப ஏற்றியதோடு சரி, இப்போதும் அதே அளவில் நிற்கிறது. வாடகை ஒவ்வொரு வருடமும் ஏற, இது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளியைச் சாப்பாட்டுக் காசில்தான் எங்கள் சனம் நிரப்புகிறது.

ஏற்றிய வாடகைக்கு வாட்ஸ்அப்பில் 'சரி' என்று போட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஒத்துக்கொண்டால், ஒரு மாதம் கட்டிவிட்டாலும்கூட, பிறகு வாதாடுவது கஷ்டம். முறைப்படி வாடகையை ஏற்றும் செக்‌ஷன் 13 நோட்டீஸ் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால், அந்தத் தொகை அக்கம்பக்க வாடகையைவிடக் கூட என்று, அது நடைமுறைக்கு வரும் திகதிக்கு முன்பே வாடகைத் தகராறைத் தீர்க்கும் டிரிபியூனலுக்குப் போகலாம். 'போனால் வீட்டிலிருந்து எழுப்பிவிடுவார்' என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்‌ஷன் 21 2026 மே 1ஆம் திகதியோடு இங்கிலாந்தில் முடிகிறது.

குறையும் காசுக்குக் கவுன்சிலிடம் டிஸ்க்ரெஷனரி ஹவுசிங் பேமென்ட் கேளுங்கள். 2026 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் அது வேறொரு புதிய நிதிக்குள் போகிறது, ஆனாலும் கேட்கும் இடம் கவுன்சில்தான். வரவு செலவை எழுதும்போது சிகரெட், ஊருக்கு அனுப்பும் காசு எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள்.

கவுன்சில் வீட்டில் இருக்கும் ஒரு அம்மா: மகனுக்கு 21 முடிந்ததும் 93 பவுண்ட் குறைந்துவிட்டது. அவன் இன்னும் வேலை தேடுகிறான். வீட்டை விட்டுப் போகச் சொல்லவா?

ஐயோ, வேண்டாம் அம்மா. உங்களோடு இருக்கும் 21 வயதுக்கு மேற்பட்டவர் வாடகையில் பங்கு தருவார் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டு 93.02ஐக் கழிக்கிறார்கள். அவர் உண்மையில் தருகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மகன் போனால் அவருடைய அறை காலி அறை ஆகிவிடும். 2013இல் வந்த பெட்ரூம் டாக்ஸ்படி ஒரு காலி அறைக்கு வாடகைக் காசில் 14 வீதம் வெட்டு. உங்கள் வாடகை 640 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 14 வீதம் 89.60. மகனை அனுப்பி நீங்கள் மிச்சம் பிடிப்பது மூன்று பவுண்ட்தான்.

உங்களுக்கு முழங்கால் வருத்தம் என்றும் எழுதியிருந்தீர்கள். பிப் என்ற, உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகையில் அன்றாடப் பராமரிப்புப் பகுதி கிடைத்தால் இந்த 93 பவுண்ட் கழிவே இருக்காது. குளிக்க, உடுக்க, சமைக்க உதவி தேவைப்படுகிறது என்றால் விண்ணப்பியுங்கள். படிவத்தில் 'சமாளிக்கிறேன்' என்று எழுதாதீர்கள். எங்கள் அம்மாமார் எல்லோரும் எழுதுகிற சொல் அது.

மிச்சம் (Mitcham) பகுதியில் இருந்து ஒரு தம்பி: சாவகச்சேரியில் அப்பா பேரில் இருந்த வீடு என் பேருக்கு வந்துவிட்டது. அம்மா அங்கேதான் இருக்கிறா. இதைச் சொல்ல வேணுமா?

சொல்லத்தான் வேண்டும் தம்பி. ஊரில் இருக்கும் காணியும் வீடும் இங்கே சேமிப்பாகத்தான் பார்க்கப்படும். சேமிப்பு 6,000க்கு மேல் போனால் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 குறையும். 16,000க்கு மேல் போனால் யூனிவர்சல் கிரெடிட்டே இல்லை, அதோடு வாடகைக் காசும் போய்விடும்.

ஆனால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பென்ஷன் வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் தன் வீடாக வசிக்கும் வீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவின் வயதுக்கும் அங்கே இருப்பதற்கும் ஆதாரம் எடுத்து வையுங்கள்: அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம், கரண்ட் பில். வெறும் காணியென்றால் இந்த விலக்கு இல்லை. அதற்கு அங்குள்ள சந்தை விலையைப் பார்த்து, விற்பனைச் செலவுக்குப் பத்து வீதமும் அதன்மேல் உள்ள கடனும் கழிப்பார்கள். உறுதியில் சகோதரங்களும் இருந்தால் உங்கள் பங்கு மட்டும்தான்.

பெனிபிட்டுக்காக அவசரமாக அக்காவின் பேருக்கு எழுதிவிடாதீர்கள். அப்படிக் கைமாற்றினால் இன்னமும் உங்களிடம் இருப்பதாகவே கணக்குப் போடலாம். இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தவர்கள், ஜேர்னலில் எழுதுவதற்கு முன் ஒரு வெல்ஃபேர் ஆலோசகரிடம் போங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். தாலிக்கொடியைப் பற்றி நாலு பேர் கேட்டிருந்தீர்கள். போட்டுக்கொள்ளும் நகை சேமிப்பில் வராது, பயப்பட வேண்டாம்.

குரொய்டனில் இருந்து: பழைய டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றினார்கள். வாடகை ஏறி, வீட்டுக் காசும் 60 ஏறியது. ஆனால் மொத்தம் அப்படியே நிற்கிறது.

'ட்ரான்சிஷனல்' என்ற வரி 60 குறைந்திருக்கும், பாருங்கள். மாற்றும்போது குறையக்கூடாது என்று தந்த அந்தப் பாதுகாப்புக் காசை, பிறகு வரும் ஒவ்வொரு ஏற்றமும் அரித்துக்கொண்டே போகும். வாடகை ஏற்றமும் அப்படித்தான். பிள்ளை பராமரிப்புச் செலவு மட்டும் விலக்கு. சட்டப்படி சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஏறிய வாடகையை உங்கள் கையிலிருந்து கட்டுகிறீர்கள் என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

மோர்கேஜ் கட்டும் ஒருவர்: வேலை போய்விட்டது. வீட்டுக்கு ஏதாவது தருவார்களா?

மூன்று மாதம் யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்த பிறகு, 200,000 பவுண்ட் வரையான கடனின் வட்டிக்கு உதவி கேட்கலாம். 2018இலிருந்து அதுவும் கடன்தான், வட்டியோடு, வீடு விற்கும்போது கழிப்பார்கள். அதற்கு முன்னே பாங்குக்கு ஃபோன் அடித்துக் கதையுங்கள், ஒரு தவணை தவறும் முன்னரே.

சவுத்ஹோலில் இருந்து, 28 வயது: தனி ஃபிளாட் எடுத்தால் வாடகை தருவார்களா?

தனியாள் என்றால் 35 வயது வரை பகிர்ந்து வாழும் ஒரு அறைக்கான அளவுதான், சில விலக்குகளைத் தவிர. ஃபிளாட்டுக்குக் கையெழுத்து வைக்க முன் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு அறைக்கான அளவைப் பாருங்கள்.

புதிதாகக் கலியாணம் செய்தவர்: மனைவி ஸ்பௌஸ் விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறா. என் வாடகைக் காசுக்குப் பிரச்சினை வருமா?

அவவின் விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்று இருக்கும். உங்களுக்குத் தனியாள் அளவில் தொடர்ந்து தருவார்கள், ஆனால் அவ உழைத்தால் அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எடுப்பார்கள். வந்து சேர்ந்ததை உடனே அறிவியுங்கள். கவுன்சில் டாக்ஸ் குறைப்பும் பொது நிதிதான், அதில் எதையும் மாற்றுவதற்கு முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.