மணிக்கூண்டுக் கூகை

அன்புள்ள ஐயா,

பொறையாறு பக்கம் எங்கள் ஊர். கணினி படித்தவன். வயலில் இரவில் ஆந்தை வந்து உட்காரத் தாங்குகுச்சி நட்டு எலியைக் குறைக்கலாம் என்று சபை இளைஞர்கள் பேசி வைத்திருக்கிறோம். எத்தனை குச்சி, எங்கே என்பதை நெட்லோகோ என்ற கணினி மாடல் மென்பொருளில் செய்து பார்க்க ஆசை. ஆந்தை இனமான கூகை அசுத்தமான பறவை, வேதத்திலேயே இருக்கிறது என்கிறார் ஒரு மூப்பர். மாடலுக்கும் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள் நண்பர்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூப்பருக்குப் பதில் சுலபம். லேவியராகமம் 11 கூகையை உண்ணத் தகாதவற்றில் வைக்கிறது. விரட்டவோ கொல்லவோ சொல்லவில்லை. அவரை உறுத்துவது வேதமல்ல, சாக்குருவி (கூகைக்கு ஊரில் வைத்த பெயர்) அலறினால் சாவு விழும் என்ற ஊர்ப்பேச்சு என்று நினைக்கிறேன். மணிக்கூண்டில் கூகை அடைந்திருந்தால் குஞ்சு பறக்கும்வரை வெள்ளையடிப்பைத் தள்ளிவையுங்கள்.

மாடலுக்கு முன்னால் எண்ணிக்கை. சாயங்காலம் வரப்பிலுள்ள வளைகளையெல்லாம் மண் வைத்து அடைத்துவிட்டு, விடிந்ததும் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். எலி குடியிருப்பது அவற்றில்தான். வாரம் ஒருமுறை, அதே வரப்புகளில். கூகை எதைத் தின்கிறது என்றறிய, அது கக்கிய உருண்டைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, நீரில் ஊறவைத்துப் பிரித்து மண்டையோடுகளை எண்ணலாம்.

மாடலில் ஒரு கட்டம் ஒரு வயல். காலம் வாரம் வாரமாக நகரட்டும். ஆனால் ஒரு வாய்க்காலின் பாசனப் பரப்பு முழுதும் உள்ளே வரவேண்டும். கூகை பட்டா பார்த்து வேட்டையாடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பயிரின் பருவத்தைக் கொடுங்கள்: எலி பெருகுவது தொண்டைக்கதிர்க் காலத்தை, அதாவது கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும் காலத்தை, ஒட்டி. சம்பா அறுப்பானதும் எலிகள் பக்கத்துத் தாளடிக்குக் குடிபெயரும். ஐப்பசி கார்த்திகை மழையில் தாழ்ந்த வரப்பு வளைகள் மூழ்கும். இதையெல்லாம் விட்டுவிட்டால், மழை குறைத்த எலியும் கூகையின் கணக்கில் ஏறிவிடும். அதே பருவப் பயிருள்ள, குச்சியே நடாத ஒரு பகுதியையும் எண்ணச் சொல்வது அதனால்தான். ஒரு போகத்து எண்களை வைத்து மாடலைச் சரிசெய்து, அடுத்த போகத்தில் சோதியுங்கள். மாடலில் தற்செயலும் கலந்திருப்பதால் ஒவ்வொரு ஓட்டமும் வேறு விடை தரும்; ஒரே அமைப்பை நூறு தடவை ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் வந்த அழகான கோட்டை நம்பவேண்டாம்.

குச்சிக்கு வேளாண் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 முதல் 50. மாடலில் 10, 20 என்றும் ஓட்டிப் பாருங்கள். நெல் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிட வேண்டும். பகலில் அதே குச்சியில் நெல் கொத்தும் சில்லைக் குருவிகள் உட்காரும்.

பக்கத்து வயலில் புரோமடியோலோன் என்ற எலி விஷம் வைக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைவிட எளிய இரை இல்லை. விஷமும் கூடவே போகிறது.

இனி ஜெபம். கூகை தேவன் படைத்தது என்பதற்காக அதன் இரையெண்ணிக்கையைக் கூட்டிப் போடாதீர்கள். விசுவாசத்துக்கு வேலை இருப்பது வேறிடத்தில்: யாரை மாடலுக்குள் சேர்க்கிறோம் என்பதில். தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறி வைப்பவரை 'அகற்றும் வீதம்' என்று ஓர் எண்ணாக எழுதிவிடுவோம். அவருக்கு அது கூலி. வளை தோண்டி, எலி சேர்த்த நெல்லை எடுப்பவர்களும் உண்டு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே என்று லேவியராகமம் 19 சொல்வது இவர்களைப் போன்ற எளியவர்களுக்காகத்தான். எலி பாதியானால் இவர்கள் வருமானம் என்னாகும் என்பதையும் ஒரு கோடாக வரையுங்கள். சபைக் கூட்டத்தில் முதலில் அதைக் காட்டுங்கள். மிச்சமாகும் நெல்லை அப்புறம் காட்டலாம்.