தலைவரை இழந்த அணி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இறந்த வீரர்களின் நினைவைக் கால்பந்துக் கழகங்கள் எவ்வாறு பேணுகின்றன என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். சட்டை எண்ணை இனி எவருக்கும் தராமல் விடுவது, பயிற்சி மையத்துக்குப் பெயர் சூட்டுவது ஆகியவற்றை விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். இறந்தவர் அணியின் கேப்டனாக இருந்தால் அந்த அணியின் தலைமைக்கு என்ன நேர்கிறது என்பதையும் நீங்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படிப்பட்ட அணிக்குச் சில காலம் தலைவரே தேவைப்படுவதில்லை, துயரமே அதை நடத்திச் செல்கிறது என்பது என் எண்ணம். 1993-இல் விமான விபத்தில் தன் வீரர்களை இழந்த ஜாம்பியா, மறு ஆண்டே ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. 2018 மார்ச்சில் கேப்டன் டேவிடே அஸ்தோரியை இழந்த, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரக் கழகமான ஃபியோரென்டினா, அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றது. அப்படியானால், நாணயச் சுண்டலுக்கு யாரையாவது அனுப்பிவிட்டு, அந்தப் பருவம் முடியும்வரை தலைமைப் பொறுப்பை நிரப்பாமல் விடுவதுதானே இறந்தவருக்குச் செய்யும் மரியாதை? தங்கள் கருத்தை அறிய ஆவல்.

தங்கள் வாசகர்,
திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நிகழ்வுகளும் உண்மை. அவற்றிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை. துயரம் ஓர் அணியைச் சில வாரங்களுக்கு ஒன்றாகக் கட்டிவைக்கும். அணியை நடத்துவது அதிலிருந்து வேறுபட்ட வேலை. அந்த வேலையை அந்த வாரங்களிலும் யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கிறார். நாம் வெற்றிகளை எண்ணுவதால் அவரைக் கவனிக்கத் தவறுகிறோம். ஃபியோரென்டினாவின் கதையை ஐந்து ஆட்டங்களோடு நிறுத்தாமல் சற்று முன்னும் பின்னும் நீட்டிப் பார்த்தால் இது விளங்கும் என்று நினைக்கிறேன்.

2017 கோடையில் ஃபியோரென்டினா ஏறக்குறைய கலைக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட அணி. பல ஆண்டுகள் நடுக்களத்தைத் தாங்கிய போர்ஹா வலேரோ, வெசினோ, இளம் நட்சத்திரமான பெர்னார்தெஸ்கி, கோல் அடிக்கும் காலினிச் எனப் பலரும் ஒரே பருவ இடைவெளியில் வெளியேறினார்கள். கேப்டனாக இருந்த கொன்சாலோ ரோத்ரிகேசும் போய்விட்டார். புதிய பயிற்சியாளராக ஸ்டெஃபானோ பியோலி வந்தபோது, ஒருவரையொருவர் சரியாக அறியாத இளைஞர்கள் பலர் அங்கே கூடியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் அஸ்தோரி. பெர்கமோ மாவட்டத்தில் பிறந்து, மிலானின் இளையோர் அணியில் வளர்ந்து, காலியாரியில் பெயர் பெற்று, 2015-இல் ஃபிளாரன்ஸுக்கு வந்த மையத் தற்காப்பு ஆட்டக்காரர் அவர். இத்தாலிய தேசிய அணிக்காக 14 ஆட்டங்கள் ஆடியிருந்தார். உலகம் கொண்டாடிய பெரிய நட்சத்திரம் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் கேப்டனை அவருடைய ஆட்டத்திறனைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்பதற்கு அவரை விடச் சிறந்த சான்றை நான் அறியேன். அந்த ஆண்டு அந்த அணிக்கு உரிய பழக்கவழக்கங்களை உருவாக்கியவர் அவர்தான்.

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. உதினேசே அணியுடன் ஆடுவதற்காக ஃபியோரென்டினா வீரர்கள் உதினே நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். காலை உணவுக்கு எப்போதும் முதலில் வந்து உட்காரும் கேப்டன் அன்று வரவில்லை என்பதுதான் அணிக்குக் கிடைத்த முதல் அறிகுறி. உறக்கத்திலேயே இதயம் நின்று அவர் இறந்திருந்தார். வயது 31. இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆவின் அன்றைய ஆட்டங்கள் அனைத்தும் ஒத்திவைக்கப்பட்டன. ஜெனோவாவில் ஆடவிருந்த காலியாரி வீரர்கள், தங்களுடைய பழைய தோழரின் மரணச் செய்தியை ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் கேட்டு மைதானத்திலிருந்து திரும்பினார்கள்.

மார்ச் 8 அன்று ஃபிளாரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. முந்தைய இரவு லண்டனில் டாட்டன்ஹாமுடன் ஆடி முடித்திருந்த ஜுவென்டஸ் அணியிலிருந்து புஃபோனும் கியெல்லினியும் வந்தார்கள். ஜுவென்டஸ் சட்டையைக் கண்டாலே கொதிக்கும் ஃபிளாரன்ஸ் ரசிகர்கள் அன்று அவர்களைக் கைதட்டி வரவேற்றார்கள். அணியின் சார்பில் பேசியவர் குரோவேசிய நடுக்கள வீரர் மிலன் படெல். அணியினர் பயன்படுத்தும் இயன்முறை சிகிச்சை அறைக்குள் காலையில் அஸ்தோரி வந்ததும் முதலில் விளக்கைப் போடுவார் என்றும், தங்கள் எல்லோருக்கும் அவர் அந்த வெளிச்சமாக இருந்தார் என்றும் படெல் நினைவுகூர்ந்தார். இவ்வளவு சிறிய ஒரு செயலை அவர் தேர்ந்தெடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். ஆடுகளத்தில் கத்தி உத்தரவிட்டதையோ, தோற்ற ஆட்டத்தை மீட்டதையோ அவர் சொல்லவில்லை. நாள்தோறும் நடக்கும் ஒன்றைச் சொன்னார். கேப்டன் இறக்கும்போது அணி இழப்பது இத்தகைய நூறு சிறு வேலைகளைத்தான். அவற்றைப் பெரும்பாலும் யாரும் அவரிடம் ஒப்படைத்திருக்கமாட்டார்கள். எங்கும் எழுதப்பட்டிருக்காது. எனவே அவருக்குப் பின் யாரிடம் ஒப்படைப்பது என்றும் எவருக்கும் தெரியாது.

மூன்று நாள் கழித்து, மார்ச் 11 அன்று, பெனவெண்டோவுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் படெல் கேப்டனாக இறங்கினார். அஸ்தோரியின் சட்டை எண்ணான 13-ஐ நினைவுகூர்ந்து 13-ஆவது நிமிடத்தில் ஆட்டம் நின்றது. ஒரே கோலை அடித்தவர் பிரேசிலைச் சேர்ந்த தற்காப்பு ஆட்டக்காரர் வித்தோர் ஹூகோ. அவருடைய எண் 31, அந்த 13-இன் தலைகீழ். அவர் அஸ்தோரியின் படத்துக்கு நேரே நின்று படைவீரரைப்போல் வணங்கினார். பிறகு தொரீனோ, குரோத்தோனே, உதினேசே, ரோமா என வெற்றிகள் தொடர்ந்தன. நீங்கள் சொல்லும் ஐந்து ஆட்டங்கள் இவை.

அவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெனவெண்டோ அந்தப் பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்த அணி. குரோத்தோனேயும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. உதினேசே அப்போது தொடர்தோல்வியின் நடுவில் இருந்தது. ரோமாவின் கவனமோ, பார்சிலோனாவுடன் ஆடிய இரண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதி ஆட்டங்களுக்கிடையே பிளந்திருந்தது. அஸ்தோரி இறப்பதற்கு ஒரு வாரம் முன்பே, கியெவோவை வென்று ஃபியோரென்டினா நல்ல நிலைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. அந்த வீரர்கள் அழுதுகொண்டே ஓடிய ஓட்டத்தைச் சிறிதும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஐந்து வெற்றிகளைக் கொண்டு துயரம் தலைமை தாங்கியது என்று நிறுவ முடியாது என்று மட்டும் சொல்கிறேன். பருவத்தின் முடிவில் ஐரோப்பியப் போட்டிக்கான இடம் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தபோது, அஸ்தோரியின் பழைய அணியான காலியாரியிடம் சொந்த மைதானத்தில் 0–1 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் மிலானிடம் 1–5. எட்டாவது இடத்தில், 57 புள்ளிகளுடன் பருவம் முடிந்தது.

இதற்கு அடுத்த ஆண்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. எனக்கோ அந்த ஆண்டுதான் முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தம் முடிந்த படெல், 2018 கோடையில் லாட்சியோ அணிக்குப் போனார். சவப்பெட்டியின் முன் அணிக்காகப் பேசியவரும், முதல் ஆட்டத்தில் அணியை வழிநடத்தியவரும் நான்கு மாதங்களுக்குள் அங்கே இல்லை. இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தொழில்முறைக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் வந்து போவார்கள், துக்கத்துக்காக ஒப்பந்தங்கள் காத்திருப்பதில்லை. ஆனால் ஓராண்டு முடிவதற்குள் அந்த அணி தன் இரண்டாவது கேப்டனையும் இழந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதை ஒரு சாதாரண வீரர் மாற்றமாகவே எழுதினார்கள்.

மூன்றாவதாகப் பொறுப்பேற்றவர் அர்ஜென்டினாவின் ஹெர்மான் பெசெல்லா. அஸ்தோரியோடு தோளோடு தோளாகத் தற்காப்பில் நின்றவர் அவர். அதே பருவத்தில் சீரி ஆ நிர்வாகம், எல்லா அணித்தலைவர்களும் ஒரே மாதிரியான கைப்பட்டையைத்தான் அணிய வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஃபியோரென்டினா அதை ஏற்கவில்லை. நகரின் நான்கு பழம்பெரும் வட்டாரங்களின் நிறங்களும், ‘டிஏ 13’ என்ற அஸ்தோரியின் அடையாளமும் கொண்ட பட்டையையே பெசெல்லா தொடர்ந்து அணிந்தார். தண்டனை வரலாம் என்ற நிலையிலும் கழகம் பின்வாங்கவில்லை. இறுதியில் அந்த அணிக்கு விலக்கு கிடைத்தது.

இந்தப் பட்டையைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. புதிய தலைவருக்கு அது ஒரு பாதுகாப்பு. ‘நான் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, அவருக்காக ஏந்தி நிற்கிறேன்’ என்று சக வீரர்களிடம் சொல்லாமல் சொல்ல அது உதவுகிறது. ஒரு விதியை எதிர்த்து அணி முழுவதும் ஒன்றாக நின்றதும் சிறிய விஷயமன்று. அதே வேளை, தன் கையில் இன்னொருவர் பெயரைச் சுமக்கும் கேப்டன், தோல்வியின்போது சக வீரர்களைக் கடிந்து பேசுவது மிகக் கடினம். அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், இறந்தவர் இருந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார் என்பதோடு ஒப்பிடப்படும். இறந்தவரோ இனி ஒருபோதும் தவறு செய்யப்போவதில்லை. பின்னால் வருகிற எந்த மனிதருக்கும் இது நியாயமான போட்டியாக இருக்காது.

2019 பிப்ரவரியில் ஸ்பால் அணியை வென்ற பிறகு, அந்தப் பருவத்தின் கடைசி 14 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட ஃபியோரென்டினா வெல்லவில்லை. ஏப்ரலில் ஃப்ரோசினோனேயிடம் தோற்றதும் கழக நிர்வாகம் வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட, பியோலி பதவி விலகினார். கடைசி நாளில் ஜெனோவா அணியுடன் கோலின்றிச் சமன் செய்து, 41 புள்ளிகளோடு 16-ஆவது இடத்தில், கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தார்கள். இவையெல்லாம் அஸ்தோரியின் மரணத்தால் வந்தவை என்று சொன்னால் அது பொய்யாகும். உரிமையாளர்மீது ரசிகர்களுக்கு இருந்த வெறுப்பு, அனுபவமற்ற வீரர்கள், பயிற்சியாளரோடு நிர்வாகத்துக்கு இருந்த உரசல் என்று காரணங்கள் பல. என் கவனம் பியோலி மீதே செல்கிறது. கேப்டன் இறந்த நாளிலிருந்து அந்த இளைஞர்களைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் அவர். பயிற்சியாளரும் கேப்டனும் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமையில் பெரும்பகுதி ஒருவர் தோளிலேயே ஓராண்டு கிடந்தது என்பது என் கணிப்பு. அத்தகைய மனிதரை ஒரு பொது அறிக்கையால் காயப்படுத்தி அனுப்பியதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஆறுதல் தருகிறது. பெசெல்லா 2021-இல் ஸ்பெயினுக்குத் திரும்பியதும் தலைமை கிறிஸ்தியானோ பிராகிக்கு வந்தது. 2018-இல் போலந்துக்கு எதிராக இத்தாலிக்காகத் தன் முதல் கோலை அடித்துவிட்டு, விரல்களால் 13 என்று காட்டியவர் அவர். படெல், பெசெல்லா, பிராகி ஆகிய மூவரும் அஸ்தோரியோடு ஒரே உடைமாற்றும் அறையைப் பகிர்ந்தவர்கள். அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கண்ணால் கண்டவர்களிடமே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அந்தப் பொறுப்பு இருந்தது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிராகியின் அணி ஐரோப்பியக் கழகங்களுக்கான கான்ஃபெரன்ஸ் லீக் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்றது. இரண்டிலும் தோற்றது என்பது உண்மைதான். ஆயினும் சிதறிக் கிடந்த 2019-ஐ நினைத்தால் அது எவ்வளவு தொலைவு என்பது விளங்கும்.

ஜாம்பியாவைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். 1993 ஏப்ரல் 27 அன்று காபோன் கடற்கரைக்கு அப்பால் விழுந்த விமானத்தில் 18 வீரர்கள் உட்பட 30 பேர் இறந்தார்கள். நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த கேப்டன் கலுஷா ப்வாலியா அந்த விமானத்தில் இல்லை. ஆகவே அது தலைவர் இறந்து அணி எஞ்சிய கதையன்று, அணி இறந்து தலைவர் எஞ்சிய கதை. சில மாதங்களில் திரட்டப்பட்ட புதிய வீரர்கள் துனிசியாவில் நைஜீரியாவோடு இறுதி ஆட்டம் ஆடி 1–2 என்று தோற்றபோது, அவர்களுக்கு நடுவில் கலுஷா நின்றார். நீங்கள் தலைவர் தேவைப்படாததற்குக் காட்டிய சான்று, ஒரே ஒரு தலைவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதற்கே பொருந்துகிறது.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். பொறுப்பை நிரப்பாமல் விடக் கூடாது. ஒருவரை உடனே அமர்த்த வேண்டும், முதல் ஆட்டத்துக்கு முன்பே. அவர் இறந்தவரோடு நெருங்கிப் பழகியவராகவும், அடுத்த பருவத்திலும் அங்கே இருக்கப்போகிறவராகவும் இருப்பது நல்லது. இதில் இரண்டாவது தகுதியை அந்த நேரத்தில் எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. அவருக்குத் துணையாக இரண்டு மூத்த வீரர்களைக் கழகம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இறந்தவர் சொல்லாமல் செய்துவந்த வேலைகள் என்னென்ன என்று வீரர்களை உட்காரவைத்துக் கேட்டு, அவற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த இளைஞனை உணவு மேசைக்கு அழைப்பது யார், காயம்பட்டவரைப் போய்ப் பார்ப்பது யார், நிர்வாகத்திடம் சம்பள விஷயம் பேசுவது யார் என்ற அளவுக்கு. இவற்றோடு, துக்கம் வடிந்து வெளியுலகம் மறந்துவிட்டிருக்கும் இரண்டாவது பருவத்தில்தான் பயிற்சியாளருக்கும் புதிய கேப்டனுக்கும் ஆதரவு கூடுதலாகத் தேவைப்படும் என்பதை நிர்வாகம் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். முதல் ஐந்து வெற்றிகளைப் பார்த்துவிட்டு, அணி தேறிவிட்டது என்று அது நம்பிவிடக் கூடாது.

அன்புடன்.