ரோஜாவைக் கொன்றது வெயில் இல்லை

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடலுக்குப் பக்கத்துத் தெரு. மொட்டை மாடியில் பொங்கல் சமயத்தில் ரோஜா, டேலியா வாங்கி வைத்தேன். கத்திரி வருவதற்குள் இலை ஓரமெல்லாம் கருகி, எல்லாம் போய்விட்டது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்குத்தான் ஊற்றுகிறேன். வருஷம் முழுக்கப் பூக்கும் செடி சொல்லுங்கள்."

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் என்பது நீங்கள் குடிக்காமல் தள்ளிவிட்ட உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். ஏற்கெனவே உவர்ப்பான போர் தண்ணீர் அதில் இன்னும் கெட்டியாகிவிடுகிறது. தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பாருங்கள். அது உப்பு. ரோஜா உப்பைத் தாங்கவே தாங்காது. முதலில் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகும், பிறகுதான் செடி போகும். வெயிலில் வாடுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். அந்தத் தண்ணீரை இனி மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

டேலியா விஷயம் வேறு. அது நம்ம ஊரில் மார்கழி, தை விருந்தாளி. பூத்து முடிந்ததும் போவதற்காக உங்களைக் குறை சொல்ல முடியாது.

மிச்சமிருக்கும் தொட்டிகளை அலச வேண்டும். சாயங்காலம், குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ, பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு குடம் அளவுக்கு, மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். அடித்தட்டில் தேங்கினதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் அதையே திரும்பக் குடிக்கும். கோடையில் மாதம் ஒரு முறை செய்யலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, பிடித்து வைத்தால் கைகொடுக்கும்.

சரி, எதை வைப்பது? கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி காகிதப்பூ, அரளி. இரண்டும் உப்புக் காற்றுக்கு அசராது. அரளிப் பால் விஷம், குழந்தைகள் இருந்தால் யோசித்து வையுங்கள். காகிதப்பூவுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும். மழை ஓய்ந்த பிறகு இலை லேசாகத் துவளும்வரை காயவிட்டு ஊற்றினால் பூவாகக் கொட்டும். நித்திய கல்யாணி, டேபிள் ரோஸ் (பத்து மணிப் பூ, ரோஜா இனமில்லை) கோடை முழுக்கப் பூக்கும். டேபிள் ரோஸுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் மொட்டு விரியாது. அடீனியமும் வெயில் பிரியர்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் அதன் பருத்த அடித்தண்டு அழுகும், அப்போது சன்ஷேடு கீழே தள்ளிவிடுங்கள்.

இட்லிப்பூவை நான் தயங்கித்தான் சொல்வேன். காரத் தண்ணீரில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அதனால் எடுக்க முடியாததுதான் காரணம். சாணி உரத்தை அதிகமாகப் போட்டு இதைத் தீர்க்க முடியாது.

ரோஜா இல்லாமல் மனசு கேட்காது என்றால், பெங்களூரு, ஓசூர் பக்கத்திலிருந்து வரும் பெரிய பூ ரகத்தை விட்டுவிட்டு பன்னீர் ரோஜா வாங்குங்கள். வெயிலைக் கொஞ்சம் தாங்கும். உப்பை அதுவும் தாங்காது, அதனால் மெட்ரோ தண்ணீர் மட்டும். வாங்கி வந்ததும் வேரைச் சுற்றியிருக்கும் களிமண் கட்டியைத் தொட்டுப் பாருங்கள். கல்போல இறுகியிருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தை மட்டும் தளர்த்தி, செம்மண்ணும் மண்புழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்த தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தக் கட்டி அப்படியே இருந்தால் சுற்றிலும் நனைந்திருந்தாலும் வேர் காய்ந்தே கிடக்கும்.

கடல் காற்று பலமாக அடிக்கும் நாட்களில், விடியற்காலையில் இலைகளின் மேல் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். தூசியும் உப்பும் சேர்ந்து போகும்.